தள்ளிவிட்டால் நீச்சல் வராது

"தள்ளி விடு, தானா நீந்துவான்."

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டால் எனக்கு இந்த வயதிலும் கோபம் வருகிறது. சென்ற மே மாதம் குன்னம் பக்கம் உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து பம்புசெட் கிணற்றுப் பக்கம் போனால், அங்கே ஏழெட்டுப் பையன்கள். என் வயதுக்காரர் ஒருவர் தன் பேரனை இடுப்பில் பிடித்துத் தூக்கிக் கிணற்றுக்குள் போட்டார். பையனுக்கு ஏழு வயது இருக்கும். இரண்டு முறை மூழ்கி எழுந்தான். மூன்றாவது முறை பெரிய பையன் ஒருவன் குதித்து, தலைமுடியைப் பிடித்துப் படிக்கு இழுத்து வந்தான். நான் சத்தம் போட்டேன்.

"விடுங்க சார், ரெண்டு மடக்குத் தண்ணி குடிச்சாத்தான் பயம் போவும். நாங்கல்லாம் இப்படித்தானே கத்துக்கிட்டோம்" என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

பயம் போகவில்லை. அந்தப் பையன் அன்று மாலை வரை கிணற்றுப் பக்கமே வரவில்லை. அவன் நடுக்கத்தை நான் பார்த்தேன்.

"நாங்கல்லாம் இப்படித்தானே" என்று சொல்லும் நண்பர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். அப்படிக் கற்றுப் பிழைத்தவர்கள்தான் இன்று திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறோம். பிழைக்காதவன் எங்கே வந்து பேசுவான்?

பிழைக்காதவர்களை எனக்குத் தெரியும். காகிதத்தில் தெரியும். தாலுகா ஆபீசில் உதவியாளராக இருந்தபோது முதலமைச்சர் பொது நிவாரண நிதிக்கான கோப்புகள் என் மேசைக்கு வரும். கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை, முதல் தகவல் அறிக்கை நகல், பிரேதப் பரிசோதனைச் சான்று, வாரிசுச் சான்று. ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும், ஒவ்வொரு ஆடிப்பெருக்குக்கும் பின்னால் அந்தக் கோப்புகள் வரும். கிணறு, ஏரி, கல்குவாரிக் குட்டை, சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளம், கொள்ளிடம். பெரம்பலூர் 1995இல் தனி மாவட்டம் ஆனது. அரியலூர் ஒருமுறை பிரிந்து, சேர்ந்து, 2007இல் மறுபடி பிரிந்தது. மாவட்டத்தின் பெயர் மாறியது, கோப்பின் வாசகம் மாறவில்லை: "நீச்சல் தெரியாத காரணத்தால்."

சில கோப்புகளில் வேறு வாசகம் இருக்கும்: "நன்கு நீச்சல் தெரிந்தும்." அதைத்தான் என்னால் அப்போது புரிந்துகொள்ள முடியவில்லை. புரிந்தது மிகவும் பிற்பாடு, அதுவும் பனி மலையில். எப்படி என்று சொல்கிறேன்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1968இல் கிரெனோபிள் நகரில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது, எங்கள் வாத்தியார் ஜான் குளோத் கில்லியின் படத்தைக் கரும்பலகையில் ஒட்டினார். மலைச்சரிவில் சறுக்கி மூன்று தங்கப் பதக்கம் வாங்கியவர். பனியையே பார்த்திராத நாங்கள் வேடிக்கை பார்த்தோம். "பிறவி வீரன்" என்று நினைத்தேன். பிறவி வீரன் என்று யாரும் இல்லை என்பதை ஐம்பது வருஷம் கழித்து என் பேரன் காட்டினான்.

மகள் பிரான்சில் இருக்கிறாள். ஒரு குளிர்கால விடுமுறையில் என்னையும் ஆல்ப்ஸ் மலைக்கு அழைத்துப் போனார்கள். பேரனைப் பனிச்சறுக்குப் பள்ளியில் சேர்த்தார்கள். நான் வேலிக்கு வெளியே கம்பளிக்குள் சுருண்டு நின்று ஒரு வாரம் பார்த்தேன்.

அங்கே முதல் கேள்வி வயதைப் பற்றி இல்லை, இதுவரை என்ன செய்யத் தெரியும் என்பதுதான். பிரெஞ்சுப் பனிச்சறுக்குப் பள்ளியில் சின்னஞ்சிறுசுகளுக்கு "பியூ-பியூ", அதாவது குஞ்சு. பிறகு கரடிக்குட்டி, பனித்துகள். அதற்குமேல் முதல் நட்சத்திரம், இரண்டாம் நட்சத்திரம், மூன்றாம் நட்சத்திரம், வெண்கலம், தங்கம். கரடிக்குட்டி வகுப்பில் இருக்கும் பையனை நட்சத்திர வகுப்புக்காரர்களோடு மேலே ஏற்ற மாட்டார்கள். அப்பன் எவ்வளவு பணம் கட்டினாலும் சரி.

அந்தக் கரடிக்குட்டிகளுக்கு முதலில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? சறுக்குவதை அல்ல, நிற்பதை! இரண்டு பலகைகளின் முனையையும் நெருக்கி, பின்பக்கத்தை விரித்துக் கூரை போல வைத்தால் வேகம் குறையும், நிற்கலாம். "ஷாஸ் நேழ்" என்பார்கள். மேடே இல்லாத இடத்தில், விழுந்தால் வலிக்காத இடத்தில், இதையே திரும்பத் திரும்ப. நிற்கத் தெரிந்த பிறகுதான் திரும்புவது. திரும்பத் தெரிந்த பிறகுதான் கொஞ்சம் சரிவு. பலகைகள் இரண்டையும் இணையாக வைத்துச் சறுக்குவது அதற்கெல்லாம் அப்புறம்.

இன்னொன்றும் பார்த்தேன். சரிவுகளுக்கே நிறம் கொடுத்திருக்கிறார்கள். பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு. பச்சைச் சரிவில் அழகாகப் போகிறவன் கறுப்புச் சரிவில் ஆரம்பக்காரன்தான். அவன் கற்ற கூரை வித்தை அந்தச் செங்குத்தில் வேகத்தைத் தாங்காது.

அப்போதுதான் "நன்கு நீச்சல் தெரிந்தும்" என்ற வாசகம் எனக்கு விளங்கியது. நம் பையனுக்குத் தெரிந்தது கிணற்று நீச்சல். நாலு கை போட்டால் சுவர், பிடித்துக்கொள்ளப் படி, ஓடாத தண்ணீர். அது பச்சைச் சரிவு. அவனை யாரும் சோதிக்காமல், யாரும் எச்சரிக்காமல் திருமானூர்ப் பக்கம் கொள்ளிடத்தில் இறங்க விடுகிறோம். மேலே அமைதியாக இருக்கும், கீழே இழுக்கும். மணல் அள்ளிய பள்ளத்தில் அடுத்த அடி வைத்தால் ஆள் உயரத்துக்கு மேல் தண்ணீர். கல்குவாரியில் ஏறி வரப் படியே இல்லை. இவை கறுப்புச் சரிவுகள். கிணற்றில் கரணம் அடித்தவன் இங்கே கடப்பாரை நீச்சல்தான்.

ஆகவே என் கட்சி இது: நீச்சல் "தெரியும், தெரியாது" என்று இரண்டே ஜாதி கிடையாது. படிகள் உண்டு. எந்தப் படியில் நிற்கிறானோ அந்தப் படிக்கு உரியதைத்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இதைக் காசு வாங்கிக்கொண்டு கற்பிக்கிறவர்களும் செய்வதில்லை. என் தம்பி பேத்தியை ஒரு கோடை முகாமில் சேர்த்தோம். எந்த ஊர் என்று சொல்ல வேண்டாம். ஒரு குளம், ஒரு பயிற்சியாளர், நாற்பது பிள்ளைகள். முகத்தைத் தண்ணீரில் வைக்கவே பயப்படும் ஒன்பது வயதுக் குழந்தைக்கும், ஏற்கெனவே குளத்தைக் கடக்கிற பதினான்கு வயதுப் பையனுக்கும் ஒரே விசில், ஒரே பாடம். பயந்தவள் பதினைந்து நாளும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெரிந்தவன் பதினைந்து நாளும் கும்மாளம் அடித்தான். கடைசி நாள் இருவருக்கும் ஒரே சான்றிதழ்!

"நம் மரபு அப்படி" என்று மட்டும் சொல்லாதீர்கள். நம் மரபு அப்படி இல்லை. என் மாமா எனக்குக் கற்றுக் கொடுத்தது காய்ந்த சுரைக்குடுக்கைகளை முதுகில் கட்டித்தான். கொஞ்ச நாள் கழித்து ஒன்றை அவிழ்த்தார், பிறகு இன்னொன்றை. சில வீடுகளில் முருங்கைக் கட்டை, சில வீடுகளில் வாழைமரம். பனிமலையில் நட்சத்திரம் கொடுத்து அவர்கள் ஏற்றுகிற படியை, சுரைக்குடுக்கையை அவிழ்த்து அவர் ஏற்றினார். பிடித்துத் தள்ளுவது பொறுமை இல்லாதவன் கண்டுபிடித்த குறுக்கு வழி. அதற்கு மரபு என்று பெயர் வைத்துவிட்டோம்.

"இதெல்லாம் பணக்கார நாட்டு வசதி" என்பீர்கள். பங்களாதேஷ் பணக்கார நாடா? அங்கே கிராமத்துக் குளத்திலேயே மூங்கில் மேடை கட்டி, நாலு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் படிப்படியாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். 25 மீட்டர் நீந்த வேண்டும், 30 விநாடி மிதக்க வேண்டும், முழுகுகிறவனைக் கரையில் இருந்தே காப்பாற்றத் தெரிய வேண்டும். அப்போதுதான் தேறியதாகக் கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2021இல் மட்டும் நீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். அந்தக் கணக்கில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

நம் ஊருக்கு நான் சொல்லும் படிகள் இவை. முதலில், இடுப்பளவுத் தண்ணீரில் மூச்சை அடக்கி முகத்தை வைப்பது. இரண்டு, மல்லாந்து மிதப்பது. களைத்தவனைக் காப்பாற்றுவது இதுதான். பனியில் நிற்பது எதுவோ, தண்ணீரில் மிதப்பது அது. மூன்று, விழுந்த இடத்திலிருந்து திரும்பிப் படியைப் பிடிப்பது. நான்கு, கை கால் நீச்சல். தலையைத் தூக்கிக்கொண்டே நீந்தினால் கால் இறங்கும், சீக்கிரம் களைப்பு வரும். கிணற்றுச் சூரர்களுக்கும் இந்தப் பாடம் தேவை. ஐந்து, ஓடும் தண்ணீர்: எதிர்த்துப் போகாமல், இழுப்போடு சாய்வாகக் கரை சேர்வது. ஆறு, முழுகுகிறவனைப் பார்த்ததும் குதிக்காமல் வேட்டியை, கயிற்றை, கழியை வீசுவது. ஒருவனைக் காப்பாற்றப் போய் மூன்று பேர் போன கோப்பும் என் மேசைக்கு வந்ததுண்டு.

இதற்குப் பளிங்குக் குளம் வேண்டாம். படி உள்ள கிணறு, ஒரு டியூப், ஒரு கயிறு, பொறுமையுள்ள ஒரு பெரியவர் போதும். ஒரு நேரத்தில் நாலைந்து பிள்ளைகள், அதுவும் ஒரே படியில் நிற்கிற பிள்ளைகள். பெண் பிள்ளைகளையும் சேர்த்துத்தான். தண்ணீர் ஆண், பெண் பார்ப்பதில்லை.

இந்தக் கோடையில் பேரப்பிள்ளைகள் வருவார்கள். கிணற்று மேட்டுக்குப் போவீர்கள். கையைப் பையனின் முதுகுக்குப் பின்னால் கொண்டு போகாதீர்கள். முதுகுக்குக் கீழே வைத்து, மிதக்கும் வரை தாங்கிப் பிடியுங்கள். ஒரு வாரம் ஆகும், பத்து நாள் ஆகும், ஆகட்டும். என் நாற்காலியில் இப்போது வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் மேசைக்கு உங்கள் வீட்டுப் பெயரில் ஒரு கோப்பு போக வேண்டாம்.