கோபுரம் நிற்கிறது, குரல் வரவில்லை

2025ம் ஆண்டு நவம்பர் 28ம் திகதி டித்வா சூறாவளி இலங்கையைத் தாக்கியதன் பின் வந்த இரவுகளில், லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் என்னை அழைத்த நண்பர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்டனர். "அம்மாவின் போன் வேலை செய்யவில்லை, முல்லைத்தீவுப் பக்கம் என்ன நடக்கிறது?" பத்திரிகையில் முப்பது ஆண்டுகளைக் கழித்த என்னிடமும் பதில் இருக்கவில்லை. நான் முயன்ற எண்களும் மௌனமாகவே இருந்தன.

கோபுரங்கள் சரிந்து விழுந்ததால் இது நேர்ந்தது என்று பலர் எண்ணினர். உண்மை அதைவிடச் சாதாரணமானது. நாடெங்கும் பெரும்பாலான கோபுரங்கள் நின்ற இடத்திலேயே நின்றன. மின்சாரம் போயிற்று, கண்ணாடி இழை வடங்கள் அறுந்தன, அவ்வளவுதான். அவுஸ்திரேலியாவில் 2019-20 காட்டுத்தீயின் பின் அந்நாட்டு ஒழுங்குபடுத்தும் அமைப்பு நடத்திய ஆய்விலும், தொலைத்தொடர்புத் தடங்கல்களில் 88 வீதம் மின்தடையால் நேர்ந்தவை, தீ நேரடியாக எரித்ததால் நேர்ந்தவை சுமார் ஒரு வீதமே என்று தெரியவந்தது.

மின்சாரம் இல்லையேல் குரல் இல்லை என்பதை வன்னி மக்களுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. பொருளாதாரத் தடைக்காலத்தில் பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ஓடிய வானொலியைச் சூழ்ந்திருந்து தமிழோசை கேட்ட சனங்கள் அவர்கள். சுற்றுபவர் களைத்தால் செய்தியும் களைத்துவிடும். அன்று கையால் சுற்றிப் பெற்ற அந்தக் குரல், போர் முடிந்து தேசிய மின்வலையமைப்பு கிளிநொச்சியைத் தாண்டி யாழ்ப்பாணம் வரை சென்ற பின்னரும் அறுந்து போவதுதான் எனக்கு உறுத்துகிறது.

அண்மையில் ஒட்டுசுட்டானுக்கு அப்பால் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். கோபுரம் ஒரு முதியவரின் காணியில் நிற்கிறது. "தம்பி, கரண்ட் போனால் அரை மணித்தியாலம்தான். பிறகு இதுவும் ஒரு பனைமரம்" என்றார் அவர். வேலிக்குள் மின்பிறப்பாக்கிக்கென்று கட்டிய மேடை வெறுமையாகக் கிடந்தது. கதவுப் பூட்டில் துரு. பராமரிப்புக்கு வருபவர் ஒப்பந்தக்காரரின் உப ஒப்பந்தக்காரராம், கடைசியாக எப்போது வந்தார் என்பது முதியவருக்கு நினைவில்லை. எந்த நிறுவனம் என்று எழுதப் போவதில்லை. ஒன்றைச் சுட்டினால் மற்றவை தப்பித்துக்கொள்ளும்.

அரை மணித்தியாலம் என்பது தற்செயலானதல்ல. கோபுரத்துக் கருவிகள் 48 வோல்ட் நேர் மின்னோட்டத்தில் இயங்குகின்றன. மின்சாரம் நின்றதும் மின்கல அடுக்கு பாரத்தை ஏற்கும். புதிதாக இருக்கும்போது அது பல மணித்தியாலங்கள் தாங்கும். ஆனால் ஈயஅமில மின்கலங்கள் ஏறத்தாழ 25 பாகை வெப்பத்துக்கென வடிவமைக்கப்பட்டவை. அதற்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் அவற்றின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது பொறியியலாளர் கணக்கு. வன்னியின் வைகாசி, ஆனி வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா? போதாக்குறைக்கு 2022ம் ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. நாள்தோறும் அடிவரை வடிந்து ஏறிய மின்கலங்கள் விரைவில் கிழடாகிவிடும். அவை வெளியே பார்ப்பதற்குப் புதியனவாகவே தெரியும். பாரம் ஏற்றிச் சோதித்தால்தான் குட்டு வெளிப்படும்.

இன்னொன்றும் உண்டு. கண்ணாடி இழை வடம் எட்டாத இடங்களில் ஒரு கோபுரம் மற்றொன்றுக்கு நுண்ணலை மூலம் கைகொடுக்கிறது. நடுவில் நிற்பது அணைந்தால் அதன் பின்னால் உள்ளவை மின்சாரம் இருந்தும் ஊமையாகும். எனவே முதலில் காக்க வேண்டியவை அந்த நடுக்கோபுரங்கள்.

நிறுவனங்கள் சொல்லும் நியாயத்தையும் கேட்டிருக்கிறேன். வன்னியில் ஒரு கோபுரத்துக்கு வாடிக்கையாளர் குறைவு, டீசல் செலவு அதிகம், களவு போகிறது. பொய்யல்ல. ஆனால் 2018 முதல் வடக்கிலும் இயங்கும் 1990 அம்புலன்ஸ் சேவையை நாங்கள் அழைப்பது இக்கோபுரங்களின் வழியாகத்தான். 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறக்கப்பட்ட அந்த வெள்ள இரவை நினைத்துப் பாருங்கள். எச்சரிக்கை எந்த வழியாக வர வேண்டும்?

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு ஒரு தகவல். 2004ம் ஆண்டின் 11ம் இலக்க நிதிச் சட்டம், வெளிநாடுகளிலிருந்து இலங்கைக்கு வரும் அழைப்புகளின் மீது ஓர் அறவீட்டை விதித்தது. பின்தங்கிய பிரதேசங்களுக்கு வலையமைப்பை விரிவாக்கும் நிறுவனங்கள் அதில் ஒரு பங்கை மீளப் பெற வழி செய்யப்பட்டது. அதாவது, நீங்கள் அம்மாவுடன் பேசிய நிமிடங்களுக்கும் இந்தக் கோபுரங்களில் ஒரு பங்குண்டு. கட்டுவதற்குக் காசு கொடுப்பவர்கள், கட்டியது எத்தனை மணித்தியாலம் உயிரோடிருக்கிறது என்று கணக்குக் கேட்பதில்லையே!

விதி எழுதினால் மட்டும் போதாது என்பதும் உண்மை. கத்ரீனா சூறாவளியின் பின் அமெரிக்காவில் 2007ல், கோபுரங்களுக்கு 8 மணித்தியால மின்கலம் கட்டாயம் என்று விதித்தார்கள். நிறுவனங்கள் எதிர்த்தன, அது நடைமுறைக்கு வரவேயில்லை. ஆனால் 2020ல் கலிபோர்னியா மாநிலம், காட்டுத்தீ அபாயம் மிக்க பகுதிகளுக்கு 72 மணித்தியாலம் என்று விதித்தது. அங்கு முடிந்தது.

எங்கள் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் 72ஐ நான் கேட்கவில்லை. வெயிலுக்குப் பஞ்சமில்லாத மண்ணில் நடுக்கோபுரங்களுக்குச் சூரியத்தகடும் நல்ல மின்கலமும் பொருத்தி, 24 மணித்தியாலத்தையாவது அனுமதிப்பத்திர நிபந்தனையாக்கட்டும். ஒவ்வொரு கோபுரத்தின் மின்கலமும் கடைசியாகச் சோதிக்கப்பட்ட திகதியைப் பிரதேச செயலகத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டட்டும். ஒக்டோபரில் மாரி தொடங்கும். அதற்கு முன்பாக.