கைநாட்டுக்குப் போதும் விவரம், கருத்துக்குப் போதாதா?

மருந்தாய்வுகளைத் திட்டமிடும் இடத்தில் நோயாளிக்கும் பொதுமக்களுக்கும் என்ன வேலை என்று கேட்கும் தில்லியின் மூத்த மருத்துவ ஆய்வாளர் ஒருவர் மூன்று காரணங்களை அடுக்கியிருக்கிறார். மூன்றும் ஒன்றன் காலை ஒன்று வாருகின்றன.

முதலாவது, பாமரருக்கு அறிவியல் புரியாதாம். புரியாதவரிடம் பக்கம் பக்கமாக ஒப்புதல் படிவத்தை நீட்டிக் கைநாட்டு வாங்குவது எந்த அறத்தில் சேர்த்தி? உடம்பை ஆபத்துக்கு ஒப்புக்கொடுக்க விவரம் போதும், அந்த ஆபத்து தேவைதானா என்று கேட்க மட்டும் போதாதா? விவரமானவர்கள் மட்டுமே கூடித் தீட்டிய ஆய்வின் லட்சணத்தைத் தில்லி பார்த்திருக்கிறது. கருப்பைவாயில் புற்றுக்கு முந்தைய மாற்றங்கள் தெரிந்த 1,158 பெண்களை, 1976 முதல் 1988 வரை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு நிறுவனமொன்று எழுத்துபூர்வ ஒப்புதலின்றி, சிகிச்சையுமின்றி, நோய் எப்படி முற்றுகிறதென்று கண்காணித்தது. 1997இல்தான் அது செய்தியாக வெளிவந்தது. "தெரிந்தும் ஏன் வைத்தியம் பார்க்கவில்லை?" என்று கேட்கப் புள்ளியியல் பட்டமா வேண்டும்? அந்தப் பெண்களில் ஒருத்தியைத் திட்டமிடும்போதே உட்காரவைத்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பாள்.

இரண்டாவது, ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில்தான் பாமரர் ஒருவர் இருக்கிறாரே என்பது. அறிவியல் புரியாதவர் என்று சற்றுமுன் ஒதுக்கியவரையே இப்போது கேடயமாகத் தூக்கிப் பிடிக்கிறார். 2019ஆம் ஆண்டின் மருத்துவ ஆய்வு விதிகள் அந்தக் குழுவுக்குக் கேட்கும் குறைந்தது ஏழு உறுப்பினர்களில் பாமரர் உண்டுதான். ஆனால் எதை அளப்பது, யாரைச் சேர்ப்பது, எத்தனை முறை வரவழைப்பது எல்லாம் முடிவான பிறகே கோப்பு அவரிடம் வருகிறது. பந்தி பரிமாறும் நேரத்தில் கூப்பிட்டு உப்புப் பார்க்கச் சொல்வதற்குப் பெயர் பங்கேற்பா?

மூன்றாவது, காலதாமதம். அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்தில் 2009இல் சிறுமியருக்கு அவசரமாகத் தொடங்கிய, கருப்பைவாய்ப் புற்றுக்கு எதிரான எச்பிவி தடுப்பூசித் திட்டம் 2010 ஏப்ரலில் நிறுத்தப்பட்டதே, யாரைக் கலந்தாலோசித்ததால்? அதன் 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763இல் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டிருந்ததை 2013இல் நாடாளுமன்றக் குழு அம்பலப்படுத்தியது. மாறாக, 2005இல் புனேயிலும் 2006இல் சென்னையிலும் எய்ட்ஸ் தடுப்பூசி ஆய்வுகள் சமூக ஆலோசனைக் குழுக்களோடு நடந்தன, எதுவும் முடங்கிவிடவில்லை. தாமதம் வருவது கேட்காததால்தான்: தினக்கூலிக்குப் போகும் காசநோயாளியை ஆய்வுக்காக வாரநாள் காலை பத்து மணிக்கு வரச்சொன்னால் அன்றைய கூலி போச்சு. இரண்டு முறை வருவார், மூன்றாம் முறை வரமாட்டார். பதிவேடு அவரைத் 'தொடர்பில் இல்லாதவர்' என்று எழுதிக்கொள்ளும். ஆய்வை இழுத்தடிப்பது அவரா, அவரைக் கேட்காமல் நேரம் குறித்தவரா?

மூன்று காரணங்களுக்கும் அடியில் இருப்பது ஒரே அச்சம்: கேள்வி கேட்கும் அதிகாரம் கைமாறிவிடுமோ என்பது. சமூகத்தை ஈடுபடுத்தச் சொல்லும் ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைகள் அவர் இருக்கும் அதே தில்லியில், ஐசிஎம்ஆரின் தலைமையகமுள்ள அன்சாரி நகரிலிருந்தே வெளிவந்தவை. அவற்றை அவர் படிக்கவில்லையென்றால் அறியாமை யாருடையது? படித்தும் எழுதினாரென்றால், நோயாளியின் உடம்பு மட்டும் வேண்டும், வாய் வேண்டாம் என்கிறார். அதை அறிவியல் என்ற பெயரில் சொல்ல அவருக்கு உரிமையில்லை.