அம்புக்குறியைப் பார்த்து மாத்திரையை நிறுத்தாதீங்க

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் ஒரு எண்ணுக்குப் பக்கத்தில் மேல்நோக்கி அம்புக்குறி இருந்தால் போதும், நம்ம ஆட்கள் பாதி டாக்டர் ஆகிவிடுவார்கள். ஹார்மோன் மாத்திரை சாப்பிடும் பெண்களின் ரிப்போர்ட்டில் அந்த அம்புக்குறியை அப்படியே நம்பக்கூடாது என்பது என் கட்சி.

முன்கூட்டியே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு மஸ்கட்டில் ஒரு வங்கியில் குப்பை கொட்டுகிறவன். ஆனால் எண் அச்சடித்த காகிதம் எதைக் கொடுத்தாலும் எந்தத் தேதி, எந்தக் கரன்சி, யாருடைய கணக்கு என்று கேட்காமல் கையெழுத்துப் போடக்கூடாது என்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

மறையூரில் இருக்கும் என் சித்தி மகளுக்கு 41 வயசு. 39 வயதில் கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பையையும் எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு தினமும் எஸ்ட்ரடையால் மாத்திரை. போன மார்கழியில் யாரோ சொன்னார்கள் என்று ரத்தம் கொடுத்திருக்கிறாள். எஸ்ட்ரடையால் 78 என்று வந்தது, பக்கத்தில் அம்புக்குறி. "ஹார்மோன் கூடிப்போச்சு, கேன்சர் வந்துரும், நிறுத்திரு" என்று ஊரில் விஷயம் தெரிந்த ஒருவர் சொல்ல, இவளும் நிறுத்திவிட்டாள். மறையூர்க் குளிரில் ராத்திரி போர்வையைத் தூக்கி எறிந்துவிட்டு வேர்த்துக் கொட்டியபடி உட்கார்ந்திருந்தவள், பதினைந்தாம் நாள்தான் எனக்கு போன் செய்தாள். "அண்ணே, டாக்டர்கிட்ட போகவா வேணாமா?"

ரிப்போர்ட்டை வாட்ஸப்பில் வாங்கிப் பார்த்தேன். எஸ்ட்ரடையாலுக்கு நாலு வரம்பு போட்டிருக்கிறார்கள். மாதவிடாய்ச் சுழற்சியின் முன்பாதி, நடு, பின்பாதி, கடைசியாக மாதவிடாய் நின்றவர்கள். ஆபரேஷனுக்குப் பின் மாதவிடாய் இல்லை என்பதால் கடைசி வரம்போடு ஒப்பிட்டு அம்புக்குறி போட்டாயிற்று. அந்த வரம்பு மாத்திரை எதுவும் சாப்பிடாத பெண்களுக்கானது. ஹார்மோன் இல்லாத உடம்புக்கு ஹார்மோன் கொடுக்கத்தானே மாத்திரையே? அதைச் சாப்பிட்டும் எண் ஏறாமல் இருந்தால்தான் யோசிக்க வேண்டும். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் என்று ஐந்தாவது வரி அந்தக் காகிதத்தில் கிடையாது. சோதனைச்சாலையில் யாரும் அவளிடம் என்ன மாத்திரை என்று கேட்கவும் இல்லை.

அந்த 78 கூட நிலையான எண் இல்லை. மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் ஏறும், அடுத்த மாத்திரைக்கு முன் இறங்கும். ஜெல் தடவுகிறவர்கள் தடவிய கையிலேயே ரத்தம் கொடுத்தால் எண் எகிறிவிடலாம். எதினைல் எஸ்ட்ரடையால் மாதிரி சில மருந்துகளை வழக்கமான எஸ்ட்ரடையால் சோதனை சரியாகப் பிடிக்கவே பிடிக்காது. இன்னொரு கூத்து அலகு. இவளுடைய 78 பிகோகிராம் கணக்கு. பிகோமோலில் எழுதும் நாடுகளில் இதே ரத்தத்துக்கு 286 என்று வரும் (3.67ஆல் பெருக்க வேண்டும்). ஒரு ரியாலுக்கு இருநூறு ரூபாய்க்கு மேல் கிடைக்கிறது என்பதற்காக நான் பணக்காரன் ஆகிவிட்டேனா என்ன!

எஃப்எஸ்ஹெச்சும் அதிகம் என்று இருந்தது. மாத்திரை சாப்பிட்டால் அது குறையும், ஆனால் பழைய அளவுக்கு வருவது அபூர்வம். அதை இறக்கிவைக்கும் இன்ஹிபின் என்ற இன்னொரு ஹார்மோன் சினைப்பையில் சுரப்பது, அது இப்போது இல்லை. எஃப்எஸ்ஹெச்சைப் பார்த்து மாத்திரை அளவை முடிவு செய்வதில்லை. வேர்வை, தூக்கம், மூட்டுவலி எப்படி என்று கேட்டுத்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறார்கள்.

உண்மையில் கவனிக்க வேண்டிய எண்ணை யாரும் கவனிக்கவில்லை. அவள் தைராய்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறாள். வாய்வழி ஈஸ்ட்ரோஜன், தைராய்டு ஹார்மோனைப் பிடித்துவைக்கும் புரதத்தைக் கூட்டிவிடும். அதனால் சிலருக்கு தைராக்சின் அளவைக் கூட்ட வேண்டிவரும். ஈஸ்ட்ரோஜன் ஆரம்பித்து 6 முதல் 12 வாரத்தில் டிஎஸ்ஹெச் பார்க்க வேண்டும். இவளுக்கு ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. போதாக்குறைக்கு, முடி கொட்டுகிறது என்று பயோட்டின் வேறு. அது சில கருவிகளில் டிஎஸ்ஹெச்சைக் குறைத்தும் எஸ்ட்ரடையாலைக் கூட்டியும் காட்டும். அமெரிக்க எஃப்டிஏ 2017லேயே பயோட்டின் பற்றி எச்சரித்திருக்கிறது.

கேன்சர் பயத்துக்கு வருவோம். அது 2002ல் அமெரிக்காவில் பாதியில் நிறுத்தப்பட்ட ஒரு பெரிய ஆய்விலிருந்து கிளம்பியது. அதில் இருந்த பெண்களின் சராசரி வயது 63. கொடுத்தது இரண்டு ஹார்மோன் சேர்ந்த மாத்திரை. 39ல் சினைப்பையை இழந்து ஈஸ்ட்ரோஜன் மட்டும் சாப்பிடுகிறவளுக்கு அந்தக் கணக்கை அப்படியே ஒட்ட முடியாது. மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு மாதிரி தடை இல்லாதவரை, இயல்பாக மாதவிடாய் நிற்கும் 50 வயதுவாக்கில் வரை மாத்திரை தொடர்வதுதான் பரிந்துரை. இடையில் விட்டால் எலும்பு தேயும், இதயத்துக்கும் நல்லதில்லை.

இத்தனைக்கும் அந்த ஆபரேஷன் தேவைதானா என்பது தனி வயிற்றெரிச்சல். மறையூர் வெல்லத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்த அதே 2019ல்தான், மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களுக்கு வரிசையாகக் கர்ப்பப்பையை எடுத்த செய்தி வந்தது. கரும்பு ஊர்க்காரனுக்கு அது தொண்டையில் சிக்கியது. தேவையில்லாத கர்ப்பப்பை அறுவைகளைத் தடுக்கும் விதிமுறைகளை மாநிலங்கள் ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023ல் சொன்னது.

தங்கச்சி உடுமலையில் டாக்டரைப் பார்த்து மாத்திரையைத் திரும்பவும் ஆரம்பித்துவிட்டாள், டிஎஸ்ஹெச்சுக்கும் ரத்தம் கொடுத்திருக்கிறாள். உங்கள் வீட்டில் யாருக்காவது கர்ப்பப்பை எடுத்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். சினைப்பையை எடுத்தார்களா, ஒன்றா இரண்டா என்று பாருங்கள். நான் கேட்டுப் பார்த்த வகையில் பாதிப் பேருக்கு அது தெரியவே இல்லை.