மின்னொழுக்கு என்னும் வசதியான சொல்

மலையகச் செய்தியாளர் எவரும் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடக்கூடிய வாக்கியம் ஒன்று உண்டு. லயன் குடியிருப்பில் ஏற்பட்ட தீக்கு மின்னொழுக்கே காரணம் எனப் பொலிஸார் சந்தேகிக்கின்றனர் என்பதே அது. தோட்டத்தின் பெயரையும் குடும்பங்களின் எண்ணிக்கையையும் மாற்றினால் போதும். கலஹாவோ புசல்லாவையோ நாவலப்பிட்டியோ, வாக்கியம் மாறுவதில்லை. மறுநாள் படம் வரும்: கறுத்துச் சுருண்ட தகரம், பாடசாலை மண்டபத்தில் விரித்த பாய்கள், உலர் உணவுப் பொதியை நீட்டும் அரசியல்வாதி. அத்தோடு கோவை மூடப்படும்.

நாற்பது ஆண்டுகள் செய்தித்தாள்களோடு வாழ்ந்தவன் என்ற உரிமையில் கேட்கிறேன்: மின்னொழுக்கு என்று எழுதுகிறீர்களே, எங்கிருந்து எங்கே ஒழுகியது?

மின்சாரம் கம்பியை விட்டு விலகிச் சுவருக்கோ நிலத்துக்கோ கசிவதே மின்னொழுக்கு. அதைக் கண்டு மின்னைத் துண்டிப்பதற்குத்தான் 'ட்ரிப் சுவிட்ச்' இருக்கிறது. இரு கம்பிகள் நேரே தொட்டுக்கொண்டால் அது குறுஞ்சுற்று, அதற்கு எம்.சி.பி. இருக்கிறது. இவ்விரண்டின் கண்ணிலும் படாத மூன்றாவது எதிரி ஒன்று உண்டு. அதுதான் தளர்ந்த மூட்டு. இரண்டு வயர்களை விரலால் முறுக்கி, மேலே டேப் சுற்றி, கூரைக்கும் சுவருக்கும் இடையே செருகிவிட்டுப் போகிறார்களே, அந்த மூட்டு.

கணக்கு எளிது. 2,000 வாட் கேத்தல் ஒன்று நமது 230 வோல்ட் மின்சாரத்தில் ஏறத்தாழ 8.7 அம்பியர் இழுக்கும். மூட்டில் அரை ஓம் தடை இருந்தால் அந்த இடத்தில் மட்டும் சுமார் 38 வாட் வெப்பம் பிறக்கும். வானொலி திருத்துபவர் ஈயம் உருக்கும் பற்றாசுக்கோலின் வலு அவ்வளவுதான். கேத்தலுக்குக் குறைவது நாலரை வோல்ட்டுக்கும் குறைவு. தேநீர் வழமைபோல் கொதிக்கும். மின்னோட்டம் கூடவில்லை, ஆகவே எம்.சி.பி. விழாது. கசிவும் இல்லை, ஆகவே ட்ரிப் சுவிட்சும் விழாது. வெப்பத்தில் டேப்பின் பசை இளகும். ஹந்தானையிலும் ஹேவாஹெட்டையிலும் மழைக்காலத்து ஈரம் செம்பின்மேல் களிம்பு ஏற்றும், தடை மேலும் கூடும். பல லயன்களில் இடைச்சுவர் கூரைவரை எழும்புவதில்லை. ஒரு காம்பராவில் பிடித்த தீ அடுத்தடுத்த காம்பராக்களுக்குக் கூரைவழியே நடந்துபோகும். பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறும் சாம்பலாகும்.

அமெரிக்காவில் 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் வீடுகளுக்கு அலுமினிய வயர் போட்டார்கள். தீ மூண்டபோது ஆராய்ந்தார்கள். 1972க்கு முன் அலுமினிய வயரிங் செய்யப்பட்ட வீட்டில் மூட்டுகள் தீப்பிடிக்கும் நிலையை எட்டுவதற்கான வாய்ப்பு, செம்பு வயர் போட்ட வீட்டைவிட 55 மடங்கு அதிகம் என்று அங்குள்ள நுகர்வோர் பாதுகாப்பு ஆணைக்குழு அறிவித்தது. ஆபத்து கம்பியின் நீளத்தில் இருக்கவில்லை, அது முடியும் இடத்திலேயே இருந்தது. தீக்கு 'மின்னொழுக்கு' என்று பெயரிட்டு அவர்கள் எழுந்து போய்விடவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இலண்டனிலும் டொரொன்டோவிலும் நிலவறையில் பொம்மை ரயில்பாதை அமைக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். பன்னிரண்டு வோல்ட்டில் ஓடும் அந்த ரயிலுக்கு எந்தக் கனெக்டர் உகந்தது, திருகாணியா, நெம்பு பூட்டா, பற்றாசா என்று மாதக்கணக்கில் வாதிடுவார்கள். மூட்டுத் தளர்ந்தால் அவர்களுக்கு நேரும் அதிகபட்ச இழப்பு, ரயில் வளைவில் நின்றுவிடுவது. லூல்கந்துரவில் தேயிலை வேரூன்றியதும் கண்டிக்கு மெய்யான ரயில் வந்ததும் ஒரே ஆண்டில், 1867இல். அந்தத் தேயிலையைக் கொய்தவர்களின் பேரப்பிள்ளைகள் உறங்கும் கூரைக்குக் கீழே, 230 வோல்ட்டுக்கு விரல்முறுக்கும் கறுப்பு டேப்பும் போதுமாம்!

கண்டி நகரின் எந்த ஹார்ட்வெயார் கடையிலும் நல்ல மூட்டுக்கான பொருள் கிடைக்கும். ஒற்றைக் கம்பி வயரானால் பித்தளைத் திருகாணியுள்ள கனெக்டர் பட்டை போதும். அதில் பொறித்திருக்கும் அம்பியர் அளவைப் பார்த்து வாங்கவேண்டும். மூன்று அம்பியர் பட்டையில் கேத்தலை மாட்டுவது தீக்குச்சியில் சட்டியைத் தாங்குவது போன்றது. பல இழை வயரைத் திருகாணி நசுக்கி அறுத்துவிடும். அதற்கு நுனிக்குழல் இட்டு இறுக்கவேண்டும், அல்லது நெம்பு வைத்த கனெக்டர் வேண்டும். ஜேர்மனியின் வாகோ நிறுவனத்தினது போன்றவை அவை. இழைகளுக்கு ஈயம் பூசித் திருகாணியில் இறுக்கும் 'கைதேர்ந்தவர்களும்' உண்டு. ஈயம் அழுத்தத்தில் மெல்ல நழுவும், சில மாதங்களில் பிடி தளரும். வட அமெரிக்காவின் முறுக்குத் தொப்பி, கனடாவில் வில்லியம் மார் 1914இல் உருவாக்கிய கனெக்டரின் வழிவந்தது, அளவு பொருந்தினால் நன்று. ஆனால் அளவு எழுதாத தொப்பியை வாங்குவதைவிட வாங்காமலிருப்பது மேல். எதுவானாலும் மூடியுள்ள பெட்டிக்குள் இருக்கவேண்டும்.

"அவர்களே கண்டபடி வயர் இழுத்துக்கொள்கிறார்கள்" என்பார் தோட்ட நிர்வாகத்தார். இழுக்கிறார்கள்தான். ஒரு விளக்குக்கும் ஒரு பிளக்குக்கும் கணக்கிட்டுப் போட்ட வயரிங்கில் இன்று ரைஸ் குக்கரும் குளிர்சாதனப் பெட்டியும் தொங்குகின்றன. வேறென்ன செய்வார்கள்? குடியிருப்பவருக்கு உறுதியில்லை, சொந்தமில்லை. 1992இல் தோட்டங்களைப் பொறுப்பேற்ற கம்பனிகளின் கணக்கில் லயன் ஒரு சொத்து. கூரை எரிந்தபின் மட்டும் அது தொழிலாளியின் வீடாகிவிடுகிறது. தொழிற்சங்கங்களோ சந்தாவை மறப்பதில்லை, மூட்டுகளைப் பார்க்க ஒரு மின்வேலையாளை அனுப்ப மறக்கின்றன.

லயன்களைத் திருத்துவது லயன் வாழ்வை நீடிக்கச் செய்வதாகும், தனி வீடே தீர்வு என்று சொல்லும் நண்பர்களை நான் மதிக்கிறேன். தனி வீடே தீர்வு. ஆனால் இந்திய உதவியில் மேலும் 10,000 வீடுகள் என்று நரேந்திர மோடி நோர்வூட் மேடையில் அறிவித்தது 2017 மே மாதத்தில். அன்று பிறந்த பிள்ளை இன்று பாடசாலைப் புத்தகத்தை லயன் விளக்கின் கீழேதான் விரிக்கிறது. அந்த விளக்குக்குப் போகும் மூட்டை இறுக்க ஒரு திருகாணியும் அரைமணி நேரமும் போதும்.