சம்பாஷணையில் பாதி

ரயில் நிலையத்துப் புத்தகக் கடைகளிலும் பேருந்து நிலைய வாசல்களிலும், பஞ்சாங்கத்துக்கும் சமையல் குறிப்புக்கும் நடுவே, முப்பது நாளில் ஆங்கிலம் பேச வைப்பதாகச் சத்தியம் செய்யும் புத்தகம் ஒன்று எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும். முதற் பத்தியில் தமிழ் வாக்கியம், அடுத்ததில் ஆங்கிலம், மூன்றாவதில் அதன் உச்சரிப்புத் தமிழ் எழுத்தில் என்று அச்சிடப்பட்ட அப்புத்தகத்தை வாங்குகிறவர்களை நான் குறைகூற வரவில்லை. நேர்முகத் தேர்வை எண்ணி அஞ்சும் இளைஞனும், பிள்ளையின் பள்ளிக்கூடத்து ஆசிரியையோடு நாலு வார்த்தை பேசக் கூசும் தாயும் கைக்கு எட்டிய கொம்பைப் பற்றுவது இயற்கை. அன்றாட ஆங்கிலம் என்பது சில நூறு சொற்களும் சில நூறு வாக்கியங்களுமே, அவற்றை நெட்டுருப் போட்டுவிட்டால் பாஷை கைவசமாகிவிடும் என்று, பள்ளி ஆசிரியர், பெற்றோர், பயிற்சி நிலையம் நடத்துவோர் ஆகிய எல்லாரையும் ஆட்டிவைக்கிறதே ஓர் அபிப்பிராயம், அதைக் கண்டிப்பதே என் நோக்கம்.

சம்பாஷணை என்பது இருவர் கூடிச் செய்யும் காரியம் என்பதை மறந்துவிட்டதே அவ்வபிப்பிராயத்தின் முதற் குற்றம். மொழி தெரியாத ஊரில் மருந்துக் கடைக்குப் போய், இருமலுக்கு மருந்து கேட்கும் வாக்கியத்தைப் பழுதற ஒப்பித்துவிடலாம். ஆனால் வறட்டு இருமலா, சளி இருமலா, எத்தனை நாளாக இருக்கிறது, ரத்தக் கொதிப்புக்கு ஏதேனும் சாப்பிடுகிறீரா என்று கடைக்காரர் தம் போக்கிலும் தம் வேகத்திலும் சொற்களை ஒன்றோடொன்று இழைத்துக் கேட்கும்போது, அவருடைய வாக்கியங்களை எந்தப் புத்தகம் நமக்கு முன்கூட்டி அச்சிட்டுத் தந்திருக்கிறது? அதிலும் ஒரு வேடிக்கை: பிழையின்றி ஒப்பித்த அந்த முதல் வாக்கியமே, இவருக்கு ஆங்கிலம் நன்றாக வரும் என்ற எண்ணத்தை எதிராளிக்கு உண்டாக்கி, அவரை இன்னும் வேகமாகப் பேசத் தூண்டிவிடுகிறது. தட்டுத் தடுமாறிக் கேட்டவனுக்காவது நிறுத்தி நிதானமாகப் பதில் கிடைக்கும்.

வாக்கியப் புத்தகங்களின் சரித்திரத்தில் விநோதமான ஓர் அத்தியாயம் உண்டு. பெட்ரோ கரோலினோ என்ற போர்த்துக்கீசியர், தம் நாட்டு மாணவருக்கு ஆங்கில சம்பாஷணை கற்பிக்கவென்று ஒரு நூலை 1855இல் பாரிஸில் வெளியிட்டார். ஆசிரியருக்கு ஆங்கிலம் அநேகமாகத் தெரியாது என்பதற்கு நூலின் ஒவ்வொரு பக்கமும் சாட்சி. போர்த்துக்கீசிய வாக்கியங்களும் அவற்றுக்கு நேரான பிரெஞ்சும் அடங்கிய பழைய நூல் ஒன்றை முன்னே வைத்துக்கொண்டு, பிரெஞ்சு–ஆங்கில அகராதியைப் புரட்டிச் சொல்லுக்குச் சொல் பெயர்த்திருக்கிறார் என்று ஆராய்ந்தோர் பலர் கருதுகின்றனர். 1883இல் லண்டனிலும் அமெரிக்காவிலும் அதை நகைச்சுவை நூலாகவே மறுபதிப்புச் செய்தார்கள். மார்க் ட்வெயின் முன்னுரை எழுதினார். சிரித்து முடித்தபின் நாம் யோசிக்க வேண்டியது ஒன்றிருக்கிறது: தனித்தனிச் சொல்லுக்கு அகராதியில் ஆதாரம் காட்டக்கூடிய வாக்கியம், மொத்தத்தில் எந்த ஆங்கிலேயன் வாயிலும் வராத வாக்கியமாக முடிந்தது எப்படி? நம் பள்ளிகளில் நாளுக்குப் பத்துச் சொல்லாக அர்த்தத்தோடு உருப்போட்டு, பின்பு அவற்றைக் கோத்து வாக்கியம் செய்யும் மாணவனுக்கு நாம் காட்டிக்கொடுக்கும் வழியும் கரோலினோ நடந்த வழிதான்.

அறிஞர்களே அத்தியாவசியச் சொற்களை எண்ணித் தந்திருக்கிறார்களே என்று வாதிப்போர் உண்டு. உண்மைதான். சி. கே. ஆக்டன் என்பவர் 1930இல் ஆங்கிலத்தை 850 சொற்களுக்குள் சுருக்கி, பேசிக் இங்கிலீஷ் என்று நாமகரணம் செய்தார். ஹார்வர்டு சர்வகலாசாலையில் 1943இல் பேசிய சர்ச்சில்கூட அதற்குச் சிபாரிசு செய்தார். ஆனால் அந்த 850க்குள் வினைச்சொற்கள் 18 மட்டுமே என்பதைக் கவனித்தால் சூட்சுமம் வெளிப்பட்டுவிடும். ஆயிரக்கணக்கான வினைகள் செய்துவந்த வேலையையெல்லாம் கெட், புட், டேக், கிவ் முதலான அந்தச் சிலவே, அப், ஆஃப், அவுட் போன்ற துணுக்குகளோடு மாறி மாறிக் கூடி நிறைவேற்ற வேண்டியதாயிற்று. புட் என்றால் வைத்தல் என்று படித்துவைத்தவன், ஆஃப் சேர்ந்தால் ஒத்திப்போடுதல், அவுட் சேர்ந்தால் நெருப்பை அணைத்தல், அப் வித் சேர்ந்தால் சகித்துக்கொள்ளுதல் என்று ஒவ்வொன்றையும் புதிதாகவே கற்கவேண்டும். எண்ணிக்கை குறைந்தது, சுமை குறையவில்லை. ஆக்ஸிஜன் என்ற சொல்லைக் கற்பது சுலபம், அதற்கு எங்கும் ஒரே பொருள். அன்றாடச் சொற்களே எந்தப் பாஷையிலும் மிகக் கடினமானவை என்பதை, எளிமை என்று விளம்பரம் செய்வோர் ஒருபோதும் சொல்வதில்லை.

வங்காளத்து டாக்காவில் பல்லாண்டு ஆசிரியப் பணி புரிந்த மைக்கேல் வெஸ்ட், 1953இல் ஏறத்தாழ 2,000 சொற்களின் பட்டியலை வெளியிட்டபோது, ஒவ்வொரு சொல்லின் ஒவ்வொரு பொருளும் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதையும் உடன் குறித்தார். பாடநூல் எழுதுவோருக்கு அளவுகோலாக உதவிய அத்தகைய பட்டியலை, பொருள்களை ஒன்றாக வெட்டிச் சுருக்கி, மாணவன் விழுங்கவேண்டிய மாத்திரையாக்கியவர்கள் பின்னால் வந்தவர்கள். அவர்களுக்குக் கணக்கும் துணை நிற்கவில்லை: நியூஸிலாந்து ஆராய்ச்சியாளர் பால் நேஷன் 2006இல் மதிப்பிட்டபடி, நூற்றுக்கு 98 சொல் தெரிந்த நிலையில் பிறர் பேச்சைப் பின்தொடர 6,000 முதல் 7,000 சொற்குடும்பங்களும், நாவலும் நாளிதழும் படிக்க 8,000 முதல் 9,000மும் வேண்டும்.

நம் முன்னோர் நிகண்டை மனப்பாடம் செய்து புலவர்களாகவில்லையா என்பது இவர்களுடைய கடைசி ஆயுதம். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நிகண்டு ஒப்பித்தது மெய்; ஆனால் அவர்கள் தாய்ப்பாலோடு உண்ட தமிழில், வீட்டிலும் தெருவிலும் ஓயாது பேசிய தமிழில், மேற்கொண்டு இலக்கியம் பயிலும் பொருட்டு அதை ஒப்பித்தார்கள். தமிழே அறியாத ஒருவன் நிகண்டைத் தலைகீழாக ஒப்பித்தாலும் சந்தையில் கத்தரிக்காய் வாங்க மாட்டான். அன்றியும் சூடாமணி நிகண்டு தன் பன்னிரண்டு தொகுதிகளில் ஒன்றை முழுவதும், ஒரு சொல் பல பொருள் தருவதற்கென்றே ஒதுக்கியிருக்கிறது. மூன்று பத்திப் புத்தகமோ ஒரு சொல்லுக்கு ஒரு பொருளோடு கடையைக் கட்டிவிடுகிறது.

மாற்று வழி நம் பக்கத்திலேயே பரீட்சிக்கப்பட்டது. என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் நடத்திய திட்டத்தில், கற்கவேண்டிய சொற்பட்டியலும் வாக்கிய அமைப்புப் பட்டியலும் பாடத்துக்கு அடிப்படையாக வைக்கப்படவில்லை. ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்து, எந்த வண்டியில் போனால் குறித்த நேரத்தில் சேரலாம் என்பது போன்ற கேள்விகளை ஆங்கிலத்தில் கேட்டார்கள். மாணவனுடைய சிரத்தை விடை காண்பதில் இருக்க, பாஷை அதற்குக் கருவியாக வந்து சேர்ந்தது. இதற்குத் தேர்ந்த ஆசிரியர் வேண்டும், எல்லாப் பள்ளிக்கும் அவர்கள் கிடைப்பது அரிது என்ற ஆட்சேபம் நியாயமானதே.

ஆசிரியரில்லாதவனுக்கும் வழி உண்டு. முந்தின நாள் தமிழ் வர்ணனையோடு பார்த்த கிரிக்கெட் ஆட்டத்தை மறுநாள் ஆங்கில நாளிதழில் படிப்பவனுக்கு, யார் எப்படி ஆட்டமிழந்தார் என்பது முன்பே தெரியும். தெரியாத சொல்லை அந்தத் தெரிந்த சம்பவமே விளக்கிவிடும். அடுத்த ஆட்டத்தில் அதே சொல் வேறொருவரைப் பற்றித் திரும்ப வரும். நாளுக்குப் பத்துச் சொல் எழுதிவரச் சொல்லும் ஆசிரியர்கள் அந்த நேரத்தில் பாதியையாவது இத்தகைய வாசிப்புக்கு விட்டுக்கொடுக்கலாம். நோட்டுப் புத்தகம் நிரம்பாவிட்டால் பெற்றோர் கேள்வி கேட்பார்களே என்ற அச்சம் அவர்களுக்கு இருப்பதை நான் அறிவேன்; அதைப் போக்கவேண்டியவர்கள், ஒவ்வொரு மாலையும் அந்த நோட்டின் பக்கங்களை எண்ணிப் பார்க்கும் பெற்றோர்களே.