நகையிழந்த மேடை

மலையக மேடைக்கு இன்று வேண்டுவது சிரிப்பு. இக்கூற்றைக் கேட்டுச் சினப்போர் பலர். இரு நூற்றாண்டுத் துயரைச் சுமந்த மக்களிடம் சிரிப்பைக் கேட்பது கொடுமை என்பர். அவர்கட்கு விடை கூறுமுன் ஆங்கில நாடக வரலாற்றில் ஓர் ஏட்டைப் புரட்டுதல் தகும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் மேடையைக் கண்ணீர் நாடகங்கள் ஆட்கொண்டிருந்தன. 1722இல் ரிச்சர்ட் ஸ்டீல் அரங்கேற்றிய ‘தி கான்ஷியஸ் லவர்ஸ்’ அவற்றுள் பெயர்பெற்றது. இன்பியல் எனும் பெயரில் வந்த இந்நாடகங்களில் குற்றம் புரிந்தோனும் நல்லுள்ளம் படைத்தவன் என மன்னிக்கப்பட்டான். 1773இல் ஒலிவர் கோல்ட்ஸ்மித் இம்மரபைக் கட்டுரையொன்றிற் கண்டித்தார். அவ்வாண்டு மார்ச்சிலேயே ‘ஷீ ஸ்டூப்ஸ் டு காங்கர்’ நாடகத்தை அரங்கேற்றிச் சிரிப்பை மீட்டார். 1777இல் ஷெரிடன், ‘தி ஸ்கூல் ஃபார் ஸ்கேண்டல்’ நாடகத்தில், நல்லுரை பேசித் திரியும் பாசாங்குக்காரனின் முகத்திரையைக் கிழித்தார்.

அக்கண்ணீர் நாடகத்தின் வழித்தோன்றல்களையே அட்டனிலும் நுவரெலியாவிலும் விழா மேடைகளிற் காண்கிறோம். நோயுற்ற தாய், குடிகாரத் தந்தை, பள்ளியை விட்டுக் கொழும்புக்கு வேலைக்குச் செல்லும் சிறுமி. இறுதிக் காட்சியில் துரை மனந்திருந்துகிறார், திரை விழுகிறது. நாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு லயத்துக்குத் திரும்புகிறோம். மறுநாளும் நிறுவையிற் கொழுந்து கழிக்கப்படுகிறது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம் முன்னோரை நாடற்றோராக்கியது யாரோ ஒருவரின் கல்நெஞ்சத்தாலா? சட்டத்தையும் கணக்கையும் கண்ணீர் கரைக்காது. அவற்றின் பொய்ம்மையை எள்ளலே வெளிக்காட்டும்.

சிரிப்பு நமக்கு அந்நியமன்று. எண்வகை மெய்ப்பாட்டுள் தொல்காப்பியர் முதலில் வைத்தது நகை. அந்நகை பிறக்கும் நிலைக்களன்களுள் முதலாவது எள்ளல். மாசியில் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தில் இரதியின் புலம்பலோடு கோமாளியின் கிண்டலும் உண்டு. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940இல் வெளியிட்ட ‘நானாடக’த்தில், ‘உடையார் மிடுக்’கைப் பேச்சுத் தமிழிலேயே நகையாடினார். உடையாரை நகையாட யாழ்ப்பாணத்தார் ஒருவர் அஞ்சவில்லை. கங்காணியையும், தேர்தற் காலத்தில் மட்டும் மலையேறும் தலைவரையும் நகையாட நாம் ஏன் அஞ்சவேண்டும்?

அடுத்த விழாவுக்கு நாடகம் எழுதும் நண்பர்களே! இறுதிக் காட்சியில் துரையைத் திருத்தாதீர்கள். தராசைக் கையிற் கொடுத்து அவரை மேடை நடுவே நிறுத்துங்கள். எத்தனை கிலோ கழித்தார் என்பதைச் சபையே எண்ணிச் சிரிக்கட்டும்.