மணி அடிக்க எதற்கு இத்தனை விவரம்?

இரவு எட்டு மணிக்கு மாத்திரை போட வேண்டும் என்று நினைவூட்ட ஒரு செயலிக்கு என்ன தெரிய வேண்டும்? மாத்திரையின் பெயர், வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, அவ்வளவுதான். அதுவும் கைபேசிக்குள்ளேயே இருந்தால் போதும். அலாரம் அடிக்க இணையம்கூட வேண்டாம். அப்படியிருக்க, இந்த வேலைக்காக மின்னஞ்சல், பிறந்த தேதி, இருப்பிடம் எல்லாவற்றையும் கேட்பது அத்துமீறல்.

மாத்திரைப் பட்டியல் சாதாரணத் தகவல் அல்ல. மெட்ஃபார்மின் என்றால் சர்க்கரை என்று மருந்துக்கடைப் பையனே சொல்லிவிடுவான். லித்தியம் மனநோயைக் காட்டிக்கொடுக்கும், டோலுடெக்ராவிர் எச்.ஐ.வி.யை. எந்த வேளை தவறியது என்ற கணக்கும் செயலியிடம் இருக்கிறது. காப்பீட்டு நிறுவனத்துக்கு இதைவிட ருசியான தீனி எது?

இது வீண் பயமும் அல்ல. மருந்து தொடர்பான 24 ஆண்ட்ராய்டு செயலிகளை ஆராய்ந்து 2019இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழ் வெளியிட்ட ஆய்வில், 19 செயலிகள் பயனர் தகவலை வெளியே பகிர்ந்தது தெரியவந்தது. மருந்துத் தள்ளுபடிக்குப் பேர்போன அமெரிக்காவின் குட்ஆர்எக்ஸ், ஃபேஸ்புக்குக்கும் கூகுளுக்கும் உடல்நல விவரங்களைக் கொடுத்ததாக எழுந்த வழக்கில், 2023இல் 15 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. பெயரை நீக்கிவிட்டுத்தான் பகிர்கிறோம் என்பது இத்தகைய நிறுவனங்களின் வழக்கமான பதில். பெயர் போனாலும் கைபேசியின் விளம்பர அடையாள எண் கூடவே போகிறதே! அந்த எண்ணை வைத்து ஆளைத் தேடிப் பிடிப்பது பெரிய வித்தை அல்ல.

நம் சட்டம் என்ன சொல்கிறது? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வந்த 2011ஆம் ஆண்டு விதிகள் உடல்நலம், மனநலம், மருத்துவ ஆவணங்கள் ஆகியவற்றைத் தனிக் கவனத்துக்குரிய தகவல்களாகப் பிரித்து வைத்திருந்தன. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பிரிவினையையே கைவிட்டுவிட்டது. செருப்பு வாங்கிய கணக்கும் காசநோய் மாத்திரையும் அதற்கு ஒன்றுதான். தேவைக்கு மேல் வாங்கும் ஒப்புதல் செல்லாது என்ற நல்ல பிரிவு அதில் இருக்கிறது. தொலைமருத்துவச் செயலி தொடர்பு எண்களைக் கேட்பதையே சட்டம் உதாரணமாகக் காட்டுகிறது. ஆனால் அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் வேறு.

ஒப்புதல் என்பதும் பெரும்பாலும் சடங்குதான். அம்மாவின் கைபேசியில் செயலியை இறக்குவது மகன். பக்கம் பக்கமாக ஓடும் ஆங்கில நிபந்தனைகளைப் படிக்காமல் 'சம்மதம்' என்று அழுத்துவதும் அவன்தான். நோய் அம்மாவுடையது. தமிழிலும் படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது புதிய சட்டம். அதற்கும் காத்திருக்கத்தான் வேண்டும்.

உடல்நலத் தகவலுக்குச் சட்டத்தில் தனி இடம் மீண்டும் வேண்டும். நினைவூட்டும் செயலிகள் மருந்து விவரத்தைக் கைபேசிக்குள்ளேயே வைக்க வேண்டும். பயனர் தாமாகக் கேட்டால் மட்டுமே அது வெளியே போகலாம். விளம்பர நிறுவனங்களுக்குத் தருவதை, ஒப்புதல் இருந்தாலும், தடை செய்ய வேண்டும். அதுவரை வீட்டுப் பெரியவர்களுக்குக் கைபேசியோடு வந்த அலாரமும் கிழமை எழுதிய மாத்திரை டப்பாவும் போதும்.